கேட்டிலிருந்து வந்த சீட்டு

எங்கள் பக்கத்தில் வெளியூரில் இருக்கிறவர்களுக்குச் சாவுச் செய்தியை நேராகச் சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் முடியலை, கிளம்பி வா" என்பார்கள். கேட்கிற ஆள் வழியில் எங்காவது மயங்கி விழுந்துவிடக் கூடாது, பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து அழக் கூடாது என்பதற்காக. வாசலுக்கு வந்து சேர்ந்து, நாலு பேர் கையைப் பிடித்துக்கொள்ளும்போது தெரிந்தால் போதும். என் அப்பா போனபோது நான் விழுப்புரத்தில் நாத்தனார் வீட்டில் இருந்தேன். "அப்பாவுக்கு லேசா காய்ச்சல், வந்து பாத்துட்டுப் போ" என்றுதான் அண்ணன் சொன்னார். லேசான காய்ச்சலுக்கு எதற்கு அண்ணன் குரல் அப்படி நடுங்குகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் தெரியாதவள்போல திண்டிவனம் வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். தெருமுனையில் வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்குவதைப் பார்த்த பிறகுதான் வாய்விட்டு அழுதேன்.

இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள். நான் செய்ததை அப்போதுதான் சரியாகத் திட்ட முடியும்.

திண்டிவனத்துக்கு வெளியே இருக்கிற ஒரு ஷூ கம்பெனியில் நான் சூப்பர்வைசர். தையல் லைன். என்கீழ் நாற்பது பெண்கள். காலையில் கம்பெனி பஸ்கள் மயிலம், கூட்டேரிப்பட்டு, ஒலக்கூர் என்று நாலு பக்கமும் போய் எங்களை அள்ளிக்கொண்டு வரும். எட்டு மணிக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் அதே பஸ் வெளியே கிளம்பும். போனைக் கேட்டிலேயே வாங்கி லாக்கரில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். வீட்டில் அவசரம் என்றால் கேட் நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். செக்யூரிட்டி அதை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, மணி போட்டு, முத்திரை குத்தி, அந்தந்த லைன் சூப்பர்வைசருக்கு அனுப்புவார். சூப்பர்வைசர் கொடுத்தால்தான் அந்தப் பெண்ணுக்குத் தன் வீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியும்.

வெளியே போக அவுட்பாஸ் வேண்டும். அதில் காரணம் என்று ஒரு கட்டம். மரணம் என்று போட்டால் உடனே விடலாம். உடல்நலக்குறைவு என்று போட்டால் இடைவேளையில்தான், அதற்கும் ஹெச்.ஆர். கையெழுத்து, சூப்பர்வைசர் கையெழுத்து இரண்டும் வேண்டும்.

அந்த இரண்டு கையெழுத்து ரூல் வந்ததே என் புண்ணியத்தில்தான். முன்பெல்லாம் சூப்பர்வைசர் கையெழுத்து ஒன்றே போதும். ஒருமுறை என் லைனில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தாங்க முடியலை மேடம்" என்று அழுதாள். பெண் பிள்ளை, வயிற்று வலி, இதில் யாரைப் போய்க் கேட்பது என்று நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவள் நேராகக் கோயிலுக்குப் போய்த் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். நல்லா இருக்கட்டும். ஆனால் மறுநாள் அவளுடைய சொந்தக்காரர்கள் ஒரு குட்டி யானை வண்டி நிறைய ஏறி வந்து கேட்டில் நின்று, "எவ அவ கையெழுத்துப் போட்டு அனுப்பினவ?" என்று கத்தினார்கள். கம்பெனி எனக்கு மெமோ கொடுத்தது. இன்னொரு மெமோ வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதாத குறை. சூடுபட்ட பூனை பாலைக் கண்டாலும் பயப்படும். அதற்குப் பிறகு நான் யாருடைய வயிற்று வலியையும் நம்பவில்லை. எல்லாவற்றுக்கும், "ரூல் இன்னான்னு பாரு" என்பேன். லைன் பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ரூல் தடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் காதில் விழுந்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது எட்டாம் மெஷின்காரியைப் பற்றி. முப்பது வயது இருக்கும். கட்டிக்கொண்டு வந்த ஊர் கூட்டேரிப்பட்டுப் பக்கம். அம்மா வீடு விழுப்புரத்தைத் தாண்டி ஒரு கிராமம். இரண்டு பெண் குழந்தைகள். நல்ல வேலைக்காரி, நல்ல வாயாடி. நான் திட்டினால் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், இவள் மட்டும், "காலையில டீ குடிக்கலையா மேடம்?" என்பாள். ஷூவின் நாக்கைத் தைத்துச் சேர்க்கிறது அவள் மெஷின்தான். எட்டு நின்றால் ஒன்பது, பத்து எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அன்றைக்கு ஆடிட். நாங்கள் ஷூ தைத்து அனுப்புகிற வெளிநாட்டுக்காரர்கள், தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறோமா என்று பார்க்க இரண்டு பேரை அனுப்பியிருந்தார்கள். ஒரு வாரமாகவே எங்களுக்குப் பாடம். பெண்களைக் கேண்டீனில் உட்காரவைத்து நான்தான் கேள்வி கேட்பேன். "பாத்ரூம் போக விடுவாங்களா?" "விடுவாங்க." "வீட்டுல அவசரம்னா?" "உடனே அனுப்புவாங்க." ஒண்ணாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லுகிற மாதிரி சேர்ந்து சொல்வார்கள். எட்டாம் மெஷின்காரி மட்டும், "மேடம், பொய் சொன்னா சாப்பாடு கிடைக்காதுன்னு எங்கம்மா சொல்லும்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

அன்று காலை ஏழே முக்காலுக்கு ஹெச்.ஆர். சார் சூப்பர்வைசர்களை எல்லாம் நிற்கவைத்துச் சொன்னார். "மூணு மணி வரைக்கும் ஒரு மெஷின் காலியா இருக்கக் கூடாது. அவுட்பாஸுன்னு யாரும் என் ரூம் பக்கம் வந்துடாதீங்க. உங்களுக்கெல்லாம் தனியாச் சொல்லணுமா?" கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார்.

பத்து இருபதுக்குச் சீட்டு வந்தது.

"எட்டாம் மெஷின். தாயாருக்கு ரொம்ப முடியவில்லை. உடனே அனுப்பவும். தனியாக அனுப்ப வேண்டாம். அண்ணன்." கீழே அவருடைய போன் நம்பர். ஓரத்தில் 10.20 என்று மணி, அதன்மேலேயே முத்திரை.

நிஜமாகவே உடம்பு சரியில்லை என்றால் எந்த ஆஸ்பத்திரி என்று இருக்கும். முண்டியம்பாக்கமா, பாண்டியா, எங்கே சேர்த்திருக்கிறார்கள், எந்த வார்டு என்றுதான் முதலில் சொல்வார்கள். இதில் ஆஸ்பத்திரியே இல்லை. தனியாக அனுப்ப வேண்டாம் என்று வேறு. எங்கள் ஊரில் இதைப் படித்துப் புரியாதவர் ஒருத்தர் இருக்க முடியாது. சீட்டைக் கொண்டுவந்து கொடுத்த செக்யூரிட்டிக்காரரே என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லிப் பக்கத்து மெஷின்காரியைச் சிரிக்க வைத்தாள்.

சீட்டை மடித்து என் நீலக் கோட்டுப் பையில் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று இப்போது கேட்டால் ஆயிரம் காரணம் சொல்வேன். சீட்டில் முடியவில்லை என்றுதானே இருக்கிறது, அப்படியென்றால் இடைவேளையில்தானே விட முடியும், இப்போதே கொடுத்தால் போக முடியாமல் மெஷினில் உட்கார்ந்து தவிப்பாளே, சாப்பாட்டு நேரத்தில் கொடுத்தால் போகிறது. இப்படி ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு லைனில் முன்னும் பின்னும் நடந்தேன். உண்மை என்னவென்றால், பயம். மூன்று மணி வரைக்கும் என்று அவர் சொன்னபோது என்னைப் பார்த்த பார்வை. மெமோ. நாற்பத்தாறு வயதில் இந்த வேலை போனால் எனக்கு எவன் வேலை கொடுப்பான் என்கிற பயம். அந்தக் கூடத்துக்கு இரண்டு கதவுகள். இரண்டும் திறந்தேதான் இருந்தன; ஆடிட்டுக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு அந்த இரண்டு கதவும் எனக்குச் சுவர்தான்.

பதினொன்றரைக்கு ஆடிட்டர்கள் என் லைனுக்கு வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா, ஒரு வடநாட்டு ஆள், கூடவே தமிழில் சொல்வதற்கு மெட்ராஸிலிருந்து ஒரு பெண். ஐந்தாம் மெஷினிடம் பாத்ரூம் பற்றிக் கேட்டார்கள். நேராக வந்து எட்டாம் மெஷினிடம் நின்றார்கள். நாற்பது பேர் இருக்கிற லைனில் அவளிடம்தான் வந்து நிற்க வேண்டுமா? என் தலையெழுத்து.

"வீட்டுல ஏதாவது எமர்ஜென்சின்னா உங்களைப் போக விடுவாங்களாங்க?" என்று மெட்ராஸ் பெண் கேட்டாள்.

எட்டாம் மெஷின்காரி என்னைப் பார்த்தாள். கண்ணில் குறும்பு. மாட்டி விடட்டுமா என்று கேட்கிற மாதிரி ஒரு நொடி இழுத்தாள். பிறகு, "எங்க மேடம் உடனே அனுப்பிடுவாங்கங்க. வாய்தான் கொஞ்சம் கார்ப்பு, மனசு தங்கம்" என்றாள்.

மெட்ராஸ் பெண் அதை இங்கிலீஷில் சொன்னாள். வெள்ளைக்கார அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். நானும் சிரித்தேன். என் கை கோட்டுப் பைக்குள் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த உலகத்தில் என்னைவிடக் கேடுகெட்டவள் இருக்க மாட்டாள் என்று தோன்றியது. தோன்றி என்ன பிரயோஜனம்? சீட்டை நான் வெளியே எடுக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. இடைவேளை. ரூல்படியே பார்த்தாலும் இப்போது கொடுக்கலாம். கொடுத்துவிடுகிறேன் என்றுதான் கேண்டீனுக்குப் போனேன். சாமி சத்தியமாகக் கொடுக்கத்தான் போனேன். போனால், நடு மேஜையில் ஆடிட்டர்கள் எங்கள் சாம்பார் சாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் ஹெச்.ஆர். சார். சீட்டைக் கொடுத்தால் அவள் இங்கேயே கத்துவாள். தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். எல்லாருக்கும் தெரிந்துபோகும்.

நான் திரும்பிவிடப் பார்த்தேன். அதற்குள் அவள் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். "மேடம், இங்க வாங்க. உங்களுக்குன்னு எடுத்து வெச்சிக்கினு இருக்கேன்."

எவர்சில்வர் டப்பாவைத் திறந்தாள். மல்லாட்டை உருண்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். வெல்லப்பாகு பளபளவென்று இருந்தது.

"எங்கம்மா ஞாயித்துக்கிழமை வந்துச்சு மேடம். சொந்தக் கொல்லையில வெளைஞ்ச மல்லாட்டை. புள்ளைங்களுக்குன்னு கொண்டாந்துச்சு, நான் பாதியை ஒளிச்சு வெச்சுக்கினேன். எடுத்துக்கங்க."

"வேணாம்மா. பல்லு வலி."

"நேத்து முறுக்கு தின்னீங்களே, அப்ப பல்லு வலிக்கலையா? எங்க வீட்டுதுன்னா மட்டும் வலிக்குமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேண்டாம் என்றால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும்போல இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். மெல்லவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன்.

"எங்கம்மா கைப்பக்குவம் அப்படி. பாகு எடுக்கிறதுல அதை மிஞ்ச ஆள் கிடையாது. அடுத்த வாட்டி உங்களுக்குன்னு தனியா செய்யச் சொல்றேன் மேடம்."

"சரி, சொல்லு" என்றேன்.

அவ்வளவுதான். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாயைக் கொப்பளித்தேன். கொப்பளித்தால் போகிற தித்திப்பா அது? இடைவேளை முடிகிற மணி அடித்தது; எல்லாரும் லைனுக்குப் போனார்கள். ஹெச்.ஆர். சார் ஆடிட்டர்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்த கான்பரன்ஸ் ஹாலுக்கு நான் போனேன். வேலை போனால் போகட்டும் என்று தைரியமாகப் போனேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கண்ணாடிக் கதவு வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பி வந்து, மூன்றாம் தடவைதான் தட்டினேன்.

ஹெச்.ஆர். சார் வெளியே வந்தார். சீட்டை நீட்டினேன். படித்தார். அவர் முகமும் மாறியது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. கெட்ட மனுஷன் இல்லை.

"சார், இது முடியலைன்னு வந்த சீட்டு இல்லை. உங்களுக்கே தெரியும்."

"தெரியுது மேடம். எங்க ஊர்லயும் இப்படித்தான் சொல்வாங்க. ஆனா சிஸ்டத்துல காரணம் போடணுமே. முடியலைன்னு வந்ததுக்கு நான் மரணம்னு போட்டா நாளைக்கு யார் பதில் சொல்றது? இப்ப இவங்க வேற இருக்காங்க." கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு வாங்க. அவங்க வாயால சொல்லட்டும், நான் போட்டுத் தர்றேன்."

கேட்டுக்கு ஓடினேன். சீட்டில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் மேளச் சத்தம். அந்தச் சத்தமே போதும். ஆனால் மேளச் சத்தத்தைக் கட்டத்தில் எழுத முடியாதே.

"கம்பெனியில இருந்து பேசுறேங்க. சூப்பர்வைசர்."

"இன்னா மேடம், இன்னும் அனுப்பலையா?" அவளுடைய அண்ணன். தொண்டை கட்டியிருந்தது. "பத்து மணிக்கே சொன்னேன். ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கினு ரோட்டுல நிக்கிறேன்."

"அம்மாவுக்கு எப்படிங்க இருக்கு?"

"முடியலைங்க. ஜல்தி அனுப்புங்க."

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. முடியலைன்னா இங்க மூணு மணிக்குத்தான் விடுவாங்க. தவறிட்டாங்கன்னா இப்பவே அனுப்பலாம். உங்க வாயால சொல்லுங்க. எனக்கு எழுதணும்."

கேட்கிற கேள்வியா அது? பெற்றவளைப் பறிகொடுத்துவிட்டு நடுரோட்டில் நிற்கிறவரிடம், உன் அம்மா செத்துவிட்டாளா என்று சொல், எனக்கு எழுதணும் என்கிறேன். என் வாய் வெந்துபோகாதா?

மேளச் சத்தம் தள்ளிப் போனது. அவர் கொஞ்சம் ஒதுங்கிப் போனார்போல.

"தங்கச்சி பக்கத்துல இருக்குதா?"

"இல்லைங்க. நான் மட்டும்தான்."

"நாலு மணிக்கு எடுக்கிறோம்" என்றார். பிறகு, "அதுக்கிட்ட சொல்லிடாதீங்க மேடம். கையெடுத்துக் கும்புடுறேன். வந்து பாத்துக்கட்டும்" என்றார்.

ஹெச்.ஆர். சார் மரணம் என்கிற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். "எம்ப்ளாயி சைன் வாங்கிக்கிட்டு அனுப்பிடுங்க" என்றார். அப்போதுதான் பார்த்தேன். காரணத்துக்கு நேர் கீழே தொழிலாளியின் கையெழுத்துக்கு இடம். 'தாயார் மரணம்' என்று பெரிய எழுத்தில் எழுதி, அதன் அடியில் மகள் கையெழுத்துப் போட வேண்டும். எந்தப் புண்ணியவான் அந்தப் பாரத்தை அச்சடித்தானோ.

"சார், அவளுக்குத் தெரியாது. அவங்க அண்ணன் சொல்ல வேணாம்னார்."

"சைன் இல்லாம கேட்டுல விட மாட்டாங்க மேடம்."

"நானாவது கூடப் போறேன் சார். தனியா அனுப்ப வேணாம்னு எழுதியிருக்கே."

"சூப்பர்வைசர் இல்லாம லைன் ஓடுமா? இன்னைக்கா?"

லைனுக்குப் போய் அவளை என் மேஜைக்குக் கூப்பிட்டேன்.

"வீட்டுல இருந்து போன் வந்துச்சு. அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலையாம். நீ கிளம்பு."

"எங்கம்மாவுக்கா? நல்லாத்தானே இருந்துச்சு!" பிறகு அவள் கேட்டாள். "எந்த ஆஸ்பத்திரி மேடம்?"

விழுப்புரம் பெரியாஸ்பத்திரி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் அங்கே போய் அலைவாளே. பேசாமல் பாரத்தை மேஜையில் வைத்து, காரணம் எழுதியிருந்த இடத்தை என் இடது உள்ளங்கையால் மூடிக்கொண்டு பேனாவை நீட்டினேன். "இங்க போடு."

அவள் பாரத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கை ஓரமாகவே, கோணல் இல்லாமல், தன் பெயரை எழுதினாள். அழவில்லை. மெஷினுக்குத் திரும்பிப் போய், பாதியில் விட்டிருந்த துண்டின் நூலை வெட்டி, ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தாள். காலி உருண்டை டப்பாவை எடுத்துக்கொண்டாள். இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கேட்டைத் தாண்டினாள். செக்யூரிட்டிக்காரர்தான் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டாராம்.

கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு போக அரை மணி. அங்கே பஸ் ஏறி விழுப்புரம் போக ஒரு மணிக்கு மேல். அங்கிருந்து டவுன் பஸ். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் நாலு மணிக்குள் வரவில்லை. பத்தரைக்கு விட்டிருந்தால் ஒரு மணிக்கே அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாள். இரண்டாவது பஸ்ஸில் துணைக்கு ஆள் இல்லாமல், எதற்குப் போகிறோம் என்று தெரிந்தே, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே என்று நினைத்தேன். எட்டாம் மெஷினில் வேறொருத்தியை உட்காரவைத்தேன். லைன் ஓடியது.

நாலரைக்கு ஆடிட்டர்கள் கிளம்பிப் போனார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று ஆளுக்கொரு மைசூர்பாகு கொடுத்தார்கள். "உங்க லைன் சூப்பர் மேடம்" என்றார் ஹெச்.ஆர். சார். மைசூர்பாகை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டுச் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறை போர்டைப் படித்தேன். ஆறு வருஷமாக அதன் எதிரில்தான் நிற்கிறேன். ஒருநாளும் முழுசாகப் படித்ததில்லை. ஏழாவது விதி: கேட்டுக்கு வரும் குடும்பச் செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் தொழிலாளியிடம் சேர்க்க வேண்டும். அட பாவி! அப்படியென்றால் நான் ரூலையும் காப்பாற்றவில்லை, மனுஷத்தனத்தையும் காப்பாற்றவில்லை. என் பயத்தைக் கோட்டுப் பையில் வைத்துப் பொத்திக்கொண்டு, அதற்கு ரூல் என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் அவள் வேலைக்கு வந்தாள். தலையில் எண்ணெய் இல்லை, முகம் வற்றிப்போயிருந்தது. நான் கேட்கத் தைரியம் இல்லாமல் நின்றேன். அவளே வந்து சொன்னாள்.

"மொகத்தைப் பாத்துட்டேன் மேடம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எப்படிம்மா? நாலு மணின்னாங்களே?"

"நாலு மணிக்குத் தூக்கிட்டாங்க. பொழுதோட எடுக்கணும்னு பெருசுங்க சொல்லிட்டாங்க. தூக்கினா நடுவுல நிறுத்தக் கூடாதாம். பொம்பளைங்க தெருமுனையோட நின்னுடணும். எங்க ஊரு கட்டுப்பாடு அது. ரோட்டோரம் பாடை மாத்துற எடம் இருக்குல்ல, அங்க போனதும் எங்கண்ணன் கீழ எறக்குங்கடான்னு உக்காந்துடுச்சாம். ஒருத்தர் ரெண்டு பேரு சத்தம் போட்டிருக்காங்க. நாட்டாமையே, பொண்ணு வரட்டும், எந்தச் சாமி கோவிச்சுக்குது பாப்போம்னு சொல்லிட்டாராம். நான் பஸ்ஸை விட்டு எறங்கறப்ப அஞ்சு மணி. ஊரே ரோட்டுல நிக்குது மேடம். மேளக்காரங்ககூட மேளத்தைக் கீழ வெச்சுட்டு உக்காந்துக்கினு இருந்தாங்க. எனக்கோசரம்."

அந்தக் கட்டுப்பாடு எந்தப் போர்டிலும் எழுதியில்லை. அவர்கள் தாத்தன் காலத்திலிருந்து மாறாதது. அதை நிறுத்தி வைக்க அவர்களுக்கு ஒரு பாரமும் கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பதினொரு மணிக்கு ஹெச்.ஆர். ரூமிலிருந்து ஆள் வந்தது. மரணத்துக்குக் கொடுக்கிற லீவு வேண்டுமென்றால் அன்றைக்குக் கேட்டில் வந்த சீட்டை லீவு பாரத்தில் ஒட்டித் தர வேண்டும். சீட்டு இல்லையென்றால் ஆப்சென்ட்.

சீட்டு என்னிடம்தான் இருந்தது. அன்றைக்கு அந்தக் கோட்டைக் கழற்றி வைத்தபோது எடுத்து என் கைப்பையில் போட்டிருந்தேன். ஓரத்தில் 10.20. கொடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். தொலைந்துபோச்சு என்றால் அம்மாவைப் பறிகொடுத்த நாளெல்லாம் அவளுக்கு ஆப்சென்ட். மணி எழுதியிருந்த ஓரத்தை மட்டும் கிழித்துவிடலாமா என்றும் யோசித்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், யோசித்து விரல் அங்கே வரைக்கும் போனது. முத்திரையும் அந்த ஓரத்திலேயே இருந்தது.

மேஜைக்கு வந்தவளிடம் மடிப்பைப் பிரித்துக் கொடுத்தேன்.

அவள் படித்தாள். அண்ணன் என்று எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டாள். பிறகு ஓரத்தைப் பார்த்தாள்.

"பத்து இருவதா?"

"ஆமாம்மா."

"பத்து இருவதுக்கே உங்க கைக்கு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

அவள் சத்தம் போடுவாள், சாபம் விடுவாள், அந்தப் பாரத்தை என் மூஞ்சியில் எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எறிந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் மேஜையில் இருந்த கோந்து பாட்டிலை எடுத்து, சீட்டின் பின்னால் தடவி, பாரத்தில் வைத்து, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை நான் எதையும் மூடவில்லை.

"அப்போ உருண்டை திங்கறப்பவே உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்."

பாரத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அடுத்த வாட்டி உங்களுக்குன்னு தனியா செய்யச் சொல்றேன்னு சொன்னேன் மேடம். நீங்களும் சரி, சொல்லுன்னு சொன்னீங்க."